ஊதித் தேய்த்த பலகை

சத்தம் இன்னும் மாறவில்லை. எத்திராஜ் கையை நிறுத்திப் பலகையை முறைத்தான், முறைத்தால் பயந்துபோய் பதில் சொல்லிவிடும் என்பதுபோல, பிறகு மறுபடி தேய்த்தான், உப்புத்தாள் சுற்றிய மரக்கட்டை போய்ப் போய் வந்தது, கர்ர், கர்ர், இது காவியின் சத்தமா, காவிக்கு அடியில் இருக்கிற கரியின் சத்தமா, அறுபத்தோரு வயதுக் காதுக்கு அதுகூடத் தெரியவில்லை. தனகோட்டியாக இருந்தால் மூன்றாவது இழுப்பிலேயே தலையைச் சாய்த்திருப்பாள். கரி வந்தா சத்தம் மெத்துனு ஆயிடும் மாமா, நீலம் வந்தா பல்லு கூசும், மஞ்சள்தான் கள்ளன், சத்தமே போடாம வந்து நிப்பான் என்பாள். நாலடிக்கு நாலடி பிளைவுட் பலகையில் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையும் வெள்ளைக்கல் மாவும் நிறப்பொடியும் குழைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது பூச்சு. ஒரு பூச்சு காய ஒரு வாரம், மழை நாளென்றால் பத்து நாள், எல்லா நிறத்தையும் மூடி மேலே காவி. பூசுவது அவன். பூச்சை எவனும் பூசிவிடுவான், கொத்தனார்கூடப் பூசுவான், படம் இருப்பது தேய்ப்பதில், எங்கே எவ்வளவு தேய்த்து எந்த நிறத்தை வெளியே விடுவது, எங்கே ஒரு இழுப்புக்கு முன்னால் நிற்பது. ஒரு இழுப்பு கூடிவிட்டால் போன பூச்சு திரும்பாது. அந்த நிற்கிற இடம் அவனிடம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக அது அவன் பெண்டாட்டி காதில் இருந்தது, அவள் இப்போது தலைக்குமேல், பதினோரு இரும்புப் படி ஏறினால் வருகிற ஒற்றை அறையில், மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருக்கிறாள், இந்த ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. சுவர்க்கடிகாரம் இரண்டு பத்து. நாலு மணிக்கு கேலரி வண்டி வந்துவிடும். டெல்லியில் அவனுக்கென்று தனியாக நடக்கப்போகிற கண்காட்சி, பதினான்கு பலகை, பதிமூன்று ஏற்கெனவே போய்விட்டது, அவையெல்லாம் அவள் தேய்த்தவை, இந்தக் கடைசி ஒன்றுதான் நடுவில் நிற்கிறது, நுழைந்ததும் எதிரே மாட்டப்போவது இதைத்தான் என்று கேலரி ரோஷ்ணி மேடம் போனில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். பத்தே நிமிஷம், அவ்வளவுதான் வேண்டும். கீழே வந்து பத்து நிமிஷம் நின்றால் முடித்துவிடுவாள். கூப்பிட்டால் வருவாள். அதுதான் தொந்தரவு, கூப்பிட்டால் வருவாள், காலையில் கஞ்சி குடிக்கும்போது அவளே சொன்னாள், நீ தேய்டா மாமா, நான் பக்கத்துல நின்னு ஊதிக் குடுக்கறேன், பத்து நிமிஷத்துல உசுரா போயிடும் என்று. அவன் தம்ளரைக் கீழே வைத்த வேகத்தில் கஞ்சி சிந்தியது. வாயை மூடிக்கினு கெட என்று கத்திவிட்டு இறங்கினான். கத்தினானே தவிர, அவள் சொன்னது இறங்கும்போது கூடவே இறங்கி வந்து, இதோ, பலகைக்குப் பின்னால் நிற்கிறது, பத்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று.

கர்ர். கர்ர். இந்த மாவுதான். துறைமுகத்தில் கப்பல் சுரண்டுகிற வேலைக்குப் போனபோது அவனுக்குப் பதினாறு வயது, கப்பல் வயிற்றில் கயிற்றுப் பலகையில் தொங்கிக்கொண்டு சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டிப் பெயர்க்க வேண்டும், சிவப்பு உதிர்ந்தால் அடியில் பச்சை, பச்சை உதிர்ந்தால் அடியில் சாம்பல், அதற்கும் அடியில் யாரோ எந்த ஊர்த் துறைமுகத்திலோ எந்த வருஷத்திலோ அடித்த மஞ்சள், உள்ளங்கை அகலத்துக்கு அது வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது கூலி, மேஸ்திரி, பசி எல்லாம் மறந்துபோகும். ஒருநாள் அப்படியொரு இடத்தைச் சுரண்டாமல் விட்டுவிட்டு மேஸ்திரியிடம் அறை வாங்கினான். வாங்கின அறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையை இழந்தான், அதுவும் நினைவிருக்கிறது, அந்தக் காலத்திலிருந்தே கையும் வாயும் அப்படி. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கலைக் கல்லூரி வாசலை அவன் மிதித்தது அங்கே கழித்துப்போட்ட பலகைகளைப் பேரம் பேசி அள்ளத்தான். பேசிப் பேசியே வந்தான், பலகைக்குப் பேசினான், பசைக்குப் பேசினான், ஷெட் வாடகைக்குப் பேசினான், எவன் எதைச் சொன்னாலும் முதல் பேச்சுக்குத் தலையாட்டியதில்லை, அது ஒரு கொள்கை. அம்பத்தூரில் ஒரு வார்ப்படக் கம்பெனியை மூடும்போது பழைய இரும்பு பார்க்கப் போனவன் கொட்டகை ஓரத்தில் நாற்பது மூட்டை வெள்ளை மாவைப் பார்த்தான். அச்சு செய்கிற மாவு, வெள்ளைக்கல்லை அரைத்தது, விரலில் எடுத்தால் மைதா, வெயிலில் காட்டினால் உள்ளே எங்கோ ஒரு மினுக்கல். வாட்ச்மேன் சொன்னான், தூசு பொல்லாதது அண்ணே, உள்ளே வேலை பார்த்தவங்க நிறைய பேர் நெஞ்சு அடைச்சே போனாங்க என்று. எத்திராஜ் அதைப் பேரத்துக்கு உதவுகிற சங்கதியாக எடுத்துக்கொண்டான். அடுத்த நொடியே ஆபீஸ் அறைக்குப் போய், ஆளைக் கொல்ற மாவை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க, நானா ஏத்திக்கினு போறேன், வண்டிக் கூலி மட்டும் என்னுது என்று பேசி நாற்பது மூட்டையையும் சும்மாவே தூக்கி வந்தான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தான். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது. வீட்டில் அவளிடம் வாட்ச்மேன் சொன்னதைச் சொன்னானா, சொன்னான் என்று ஒரு சமயம் தோன்றும், தமாஷாகச் சொன்னான், ஆபீஸ்காரனை எப்படி மடக்கினேன் தெரியுமா என்று கதையாகச் சொன்னான், அவளும் சிரித்தாள். இல்லை, அந்த நெஞ்சு அடைப்பை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னான். எது என்று ஐந்து மாதமாக யோசிக்கிறான், யோசிக்க யோசிக்க இரண்டுமே நடந்த மாதிரி ஆகிவிட்டது.

தண்ணீர் விட்டுத் தேய்த்திருக்கலாம். காருக்குத் தேய்க்கிறவன் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறான், தூசு எழும்பாது. ஆனால் வஜ்ஜிரம் தண்ணீரைக் கண்டால் இளகிவிடும், ஒரு சொட்டு பட்டால் போதும், பட்ட இடம் அம்மைத் தழும்பு மாதிரி குழிந்து ஒன்பது பூச்சும் ஒன்றோடொன்று கலங்கிவிடும். வேறு பசைக்கு மாறியிருக்கலாம், பிளாஸ்டிக் பசை டப்பா டப்பாவாக விற்கிறது, மாற்றியும் பார்த்தான், படம் ரப்பர் செருப்பு மாதிரி வந்தது. வஜ்ஜிரமும் கல்மாவும் சேர்ந்து, வறண்டு, வறட்சியிலேயே தேய்ந்தால்தான் அந்த மங்கல் வரும், விடிவதற்கு முன்னால் சுவர் தெரிகிற மாதிரி ஒரு வெளிச்சம், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது, பார்க்கிறவன் கையை நீட்டுவான். அந்த மங்கலுக்காகத்தான் ஊர் ஊராக ஆள் வருகிறது. துணியால் துடைக்கவும் முடியாது, துணி இழுத்தால் ஒரு நிறத்துத் தூள் இன்னொரு நிறத்தில் அப்பிக்கொள்ளும். விசிறினால் தூள் எழும்பித் திரும்ப அங்கேயே உட்காரும். கடைசியில் கண்டுபிடித்தது, ஊதுவது. நாலு இழுப்பு, ஒரு ஊதல். ஊதினால் தூள் கலைந்து அடியில் என்ன வந்திருக்கிறது என்று தெரியும். அவன் ஊதினால் எச்சில் தெறிக்கும், வாய் அப்படி, கத்திக் கத்தி வளர்ந்த வாய், நாலாவது பலகையில் ஊதி ஊதிப் புள்ளி விழுந்து அதை உடைத்து விறகாக்க வேண்டியதாயிற்று. அவள்தான், தள்ளு மாமா என்று உதட்டைக் குவித்து ஊதினாள், குழந்தைக்குப் பால் ஆற்றுகிற மாதிரி, ஈரமே இல்லாத மூச்சு, தூள் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. அப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் ஊதல் மட்டும் அவளுடையது, அப்புறம் ஊதுகிறவளுக்குத்தானே எங்கே நிறுத்துவது என்று தெரியும், கட்டையும் அவள் கைக்குப் போயிற்று. ஒவ்வொரு ஊதலுக்கும் பின்னால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமே. அதை யார் நினைத்தது. ஊதுவதைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான், இழுப்பதை ஒருநாளும் பார்க்கவில்லை.

மேலே இருமல். எத்திராஜின் கை நின்றது. ஒன்று. இரண்டு. மூன்றோடு நின்றால் அது சாதா இருமல், ஏழுக்கு மேல் போனால் ஓட வேண்டும். நாலு. ஆக்சிஜன் மெஷின் கும்மென்று ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து. நின்றுவிட்டது. படிக்கட்டு மேல்வாயில் அவன் தொங்கவிட்ட நீலத் தார்ப்பாய் காற்றில் உப்பி அடங்கியது, தூசு மேலே போகாமலிருக்க மூன்று பக்கமும் ஆணி அடித்து, கீழ்ப்பக்கம் மட்டும் போக வர விட்டிருக்கிறான், இப்போது எதற்கு அது, பன்னிரண்டு வருஷத்துத் தூசு உள்ளே போய் உட்கார்ந்தபிறகு வாசலில் எதற்குத் திரை. மஞ்சள் வந்தால் அவளைக் கூப்பிடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். அடுத்த பத்து இழுப்புக்குள் இந்த இடத்தில் மஞ்சள் தெரிந்துவிட்டால் அவனே முடிப்பான், கூப்பிட மாட்டான். தெரியாவிட்டால். கர்ர். தெரியாவிட்டால் அப்போது பார்க்கலாம். இந்தப் பேரத்தை யாரோடு பேசுகிறான் என்று அவனுக்கே தெரியவில்லை, எதிரே ஆள் இல்லாத பேரம். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் வாய் முந்திக்கொண்டது. நெஞ்சு ஆஸ்பத்திரியில் அவளிடம் ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள், ஊதும்மா, ஊது, ஊது, விடாத, இன்னும், இன்னும் என்று அங்கிருந்த பெண் கையைக் கையை வீசினாள், தனகோட்டி உதட்டைக் குவித்து, பால் ஆற்றுகிற மாதிரி, ஒரு ஊதல் ஊதினாள், கம்ப்யூட்டரில் கோடு தரையோடு படுத்தேவிட்டது. எத்திராஜுக்குக் கோபம் வந்தது. அவ மெதுவாத்தாம்மா ஊதுவா, வேலை அப்படி, அவ பலத்தை நீங்க பார்க்கலை என்று சண்டைக்கே போய்விட்டான். இரண்டாவது தடவையும் கோடு எழும்பவில்லை. மூன்றாவது தடவை அவள் இவனைத் திரும்பிப் பார்த்தாள், நாலாவது பலகையில் எச்சில் விழுந்தபோது இவன் அவளைப் பார்த்த மாதிரி. அப்புறம் டாக்டர் அறை. அவள் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கு எரிகிற பலகையில் செருகி, இது புள்ளி, இது புள்ளி, இதெல்லாம் சேர்ந்து கட்டியாயிடுச்சு, கல்லுதான் உள்ளே, எடுக்க முடியாது என்றார். எத்திராஜ் பார்த்தான். பார்த்த முதல் நொடி, அந்த ஒரே ஒரு நொடி, யாரிடமும் சொல்ல முடியாத அந்த நொடியில், கறுப்புக்குள்ளிருந்து அந்த வெள்ளை இவ்வளவு மங்கலாக எப்படி வந்தது என்று அவன் கண் கேட்டது. வலது ஓரம் கனம் அதிகம், அங்கே இன்னும் இரண்டு இழுப்பு தேய்த்திருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அப்புறம்தான் அது அவள் நெஞ்சு என்று வந்து அறைந்தது. டாக்டர் சொன்னார், நல்லாப் பார்த்துக்கிட்டா ரெண்டு வருஷம். எத்திராஜின் வாய், நாற்பத்தைந்து வருஷம் ஓயாமல் பேசின வாய், அவனைக் கேட்காமல் தானே சொல்லிற்று: கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க சார். டாக்டர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. திட்டியிருக்கலாம், வெளியே போய்யா என்றிருக்கலாம், என்னமோ பாவம் என்று பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, குளித்தால் போகவில்லை.

பத்து இழுப்பு எப்போதோ ஆகிவிட்டது, எண்ண மறந்துவிட்டான். மறுபடி முதலிலிருந்து. பிராட்வே கடையில் பத்து அடிதான் நடந்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால், அவள் முதல்தடவை இரவெல்லாம் இருமின மாதத்தில், அவனாகவே போனான், யாரும் சொல்லவில்லை, கன்னத்தோடு ஒட்டி உட்காருகிற ரப்பர் முகமூடி, இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி, கடைக்காரர் வயசான ஆள், ஒரே விலை சொன்னார், அதிலிருந்து இறங்கவே இல்லை. எத்திராஜ் தன் வழக்கப்படி முகமூடியைப் பட்டென்று மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான். நடந்தால் கூப்பிடுவார்கள். எல்லாரும் கூப்பிட்டிருக்கிறார்கள், மூணாவது அடியில் கூப்பிடுகிறவன் உண்டு, ரோட்டைத் தாண்டவிட்டு ஓடிவருகிறவன் உண்டு, கூப்பிடாத கடையை அவன் பார்த்ததில்லை. பத்து அடி நடந்தான். காதை முதுகில் வைத்துக்கொண்டு நடந்தான். பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. திரும்பிப் போயிருக்கலாம். பத்து அடி. போனால் அந்த ஆள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்திருப்பான், அவ்வளவுதானே. போகவில்லை. வீட்டில் வந்து, அது நல்லாயில்ல தனா, போட்டுக்கினா ஊத முடியாது என்றான். அது உண்மைதான். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு எப்படி ஊதுவது, வாங்கியிருந்தாலும் அது ஆணியில்தான் தொங்கியிருக்கும், அதனால் அந்தப் பத்து அடியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லையென்றால் ஏன் தினமும் அந்தப் பத்து அடியை நடக்கிறான். வாங்கியிருந்தால் ஊத முடியாமல் போயிருக்கும், ஊத முடியாவிட்டால் படம் நின்றிருக்கும், படம் நின்றிருந்தால் ரோஷ்ணி மேடம் இல்லை, டெல்லி இல்லை, எத்திராஜ் இல்லை, அவளுக்கு நெஞ்சு இருந்திருக்கும். இவ்வளவு கிட்ட வந்ததும் யோசனை அங்கேயே நின்று வழுக்கும். போன வருஷம் கேலரிக்காரர்கள் கேமராவோடு வந்து அவன் வேலை செய்வதைப் படம் பிடித்தார்கள். அவன் கட்டையை எடுத்து ஒரு பழைய பலகையில் வீரமாகத் தேய்த்தான், முண்டா தெரிய. தனகோட்டி எல்லாருக்கும் டீ கொண்டுவந்தாள். எப்போது போதும் என்று நிறுத்துவீர்கள் என்று ரோஷ்ணி மேடம் கேட்டாள். அது உள்ளேர்ந்து வரும் மேடம் என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினான். தட்டின நெஞ்சு அவனுடையது. தனகோட்டி டீத்தட்டோடு நின்று கேட்டுவிட்டு, போகிற போக்கில் அந்தப் பழைய பலகையைக் குனிந்து ஒரு ஊது ஊதிவிட்டுப் போனாள். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்.

மூன்று இருபது. காவி ஒரு முழ அகலத்துக்குப் போயிருந்தது, அதற்குமேல் தூள், தூளுக்கு அடியில் என்ன நிறம் என்று தெரியவில்லை, தெரியாமல் இன்னொரு இழுப்பு இழுக்கவும் பயம். அவன் மூக்கைத் துண்டால் கட்டியிருந்தான், தனக்குத்தான் துண்டு கட்டிக்கொள்கிறோம் என்கிற நினைப்பு வந்ததும் கை தானாகவே அதை அவிழ்த்தது. குனிந்தான். நாக்கை உள்ளே மடக்கி, உதட்டை உலர்த்தி, அவள் குவிக்கிற மாதிரி குவித்து. முடியவில்லை. வாயில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, பயந்தால் அவனுக்கு அப்படித்தான் ஊறும். நிமிர்ந்துவிட்டான். அப்போது கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் வந்தது, ஷெட்டின் தகரமெல்லாம் ஆடி, அலமாரியில் நிறப்பொடி டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதி, பலகையின் மேலிருந்த தூள் மெல்ல நடுங்கி நகர்ந்தது, ஐம்பது பெட்டி, அறுபது பெட்டி, அவன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான், ரயில் போய்த் தீர்ந்தபிறகு இடம் ரொம்ப அமைதியாக இருந்தது, அளவுக்கு மீறிய அமைதி, எது குறைகிறது என்று ஒரு கணம் தெரியவில்லை. இருமல். ரயில் வருவதற்கு முன்னாலிருந்தே இருமல் இல்லை. மெஷின் ஓடுகிறது, கும்மென்று, மெஷின் ஆள் இருந்தாலும் ஓடும் இல்லாவிட்டாலும் ஓடும், அதற்கு என்ன தெரியும். தனா என்று கூப்பிட வாய் எழுந்தது, அடங்கிற்று. கூப்பிட்டால் இறங்கி வந்துவிடுவாள். இறங்கி வந்துவிட்டால் பலகையைப் பார்த்துவிடுவாள். பார்த்துவிட்டால் ஊதாமல் இருக்க மாட்டாள். கூப்பிடாமல் விட்டால், ஒருவேளை அவள். போய்ப் பார், மடையா, பதினோரு படி, பத்து அடிக்கு ஒரு அடி கூட. கால் நகரவில்லை. இரண்டு வருஷம் என்றாரே, ஐந்து மாதம்தானே ஆகிறது, சொன்ன பேச்சென்று ஒன்று கிடையாதா. கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க. கொஞ்சம் பார்த்து. இரும்புப் படி ஒன்று கிணுங்கென்றது. இரண்டாவது கிணுங்கென்றது. தார்ப்பாய் ஒதுங்கி, முதலில் ஒரு கால், அதில் கொலுசுத் தழும்பு, அப்புறம் புடவை, அப்புறம் சுருள் சுருளாக வெள்ளைக் குழாய், அப்புறம் அவள். உயிர் வந்தது அவனுக்கு, வந்த உயிர் அப்படியே கோபமாக மாறிற்று.

எவ உன்னை எறங்கச் சொன்னது என்று கத்தினான். அவள் பதில் சொல்ல மூச்சை வீணாக்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் நின்று, கம்பியைப் பிடித்து, கீழிருந்து ஆறாவது படியில் உட்கார்ந்தாள், அதற்குமேல் குழாய் எட்டாது, இழுத்து நீண்டு கழுத்தைப் பின்னால் சுண்டிக்கொண்டிருந்தது. முகம் சிறுத்துப்போய், கழுத்துக்குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது. ரயில் போறதுக்கு முன்னாலயே சத்தம் மாறிடுச்சு, கேட்கலையா உனக்கு என்றாள், நாலு துண்டாக, நடுநடுவே இழுத்துக்கொண்டு. மேலே படுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ஐந்து மாதமும், அவன் இழுத்த ஒவ்வொரு இழுப்பையும். பலகையை அங்கே கொண்டுவரச் சொன்னாள். முடியாது என்றான். தூசு என்றான், மேலே போ என்றான், வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன் என்றான், அந்த மேடமும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம், எவனுக்கும் நான் எழுதிக் குடுக்கலை என்றான். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் கை பலகையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துத் தூக்கியிருந்தது, தூள் சரியாமல், கிடைமட்டமாக, அவளுக்குப் பழக்கமான வாட்டத்தில். அதை அவனே பார்த்தான். வாய் வேண்டாம் என்கிறது, கை கொண்டுபோகிறது. ஐந்தாவது படியில் ஒரு ஓரத்தை வைத்து, பக்கவாட்டில் தோள் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நின்றான். அவள் விரல் நுனியால் தூளுக்குப் பக்கத்தில் தொட்டாள், தூளைத் தொடாமல்.

"ஒரே ஒரு ஊதல்தான் மாமா. தெரிஞ்சிடும்."

"வேணாம் தனா."

"ஒண்ணு."

"மேல போடி. கால்ல வேணா விழறேன்."

அவள் உதட்டின் ஓரம் கொஞ்சம் கோணிற்று, சிரிப்பு வந்தால் அப்படித்தான் ஆகும், சிரிக்க இப்போது மூச்சு கிடையாது. "டாக்டர்கிட்ட கேட்ட மாதிரியே என்கிட்டயும் பேரம் பேசறியா," என்றாள். "எனக்குக் கேட்டுச்சு. செருப்பு மாட்ட எவ்வளவு நேரம் ஆவும்."

அவனுக்குத் தோளில் பலகை இல்லாமலிருந்தால் உட்கார்ந்திருப்பான். ஐந்து மாதமாக அவளிடமிருந்து ஒளித்து வைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வருஷத்தை, அன்றைக்கே தெரிந்துகொண்டு, அவளும் அவனிடமிருந்து ஒளித்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டாள், வேலை ஆரம்பிக்கும்போது முந்தானையை எடுத்துச் செருகுகிற அதே சுருக்கில். குனிந்தாள். கன்னம் குவிந்தது. கழுத்துக்குழி ஆழமாக உள்ளே போயிற்று, இழுக்கிறாள், ஊதுவதற்கு முன்னால் இழுக்கிறாள், பலகையிலிருந்து நாலு விரல் தூரத்தில் அந்த மாவை இழுக்கிறாள், பன்னிரண்டு வருஷமாகப் பார்க்காததை இப்போது பார்த்தான். அவ்வளவு பக்கத்தில் பார்த்தான். அடுத்து நடந்தது யோசித்துச் செய்ததில்லை. தலையை அவளுக்கும் பலகைக்கும் நடுவில் நுழைத்து, வாயில் ஊறியிருந்த அத்தனையையும் சேர்த்து, ரோட்டில் சண்டைக்காரனைப் பார்த்துத் துப்புகிற மாதிரி, பூ என்று ஒரே ஊதலாகப் பலகை முழுக்க ஊதினான். ஊதியதா துப்பியதா, இரண்டும்தான். மறுபடி ஒன்று. மூன்றாவதும்.

தூள் கலைந்து போயிற்று. அவள் பின்னால் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அவன் பலகையை ஐந்தாவது படிமேலேயே சாய்த்துவிட்டு, குழாயை எடுத்து அவள் மூக்கில் மாட்டினான், மாட்டும்போது ஒரு துளை தப்பிப்போய் மறுபடி மாட்டினான், மெதுவா இழு, மெதுவா, அவ்ளோதான், முடிஞ்சிது தனா, கெடுத்துட்டேன், இனிமே யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, இழு என்று சொல்லிக்கொண்டே அவள் முதுகைத் தடவினான், முதுகு கம்பிகம்பியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. ஒன்பது பூச்சு வேலை. போகட்டும். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல்தடவையாக, கேட்ட விலையை அப்படியே கொடுத்துவிட்டான், அந்த நிம்மதி அவனுக்குள் ஏதோ செய்தது, கண் கரித்தது. அவள் மூச்சு இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. தெருவில் வண்டி பின்னால் வருகிற சத்தம், யாரோ வரட்டும் வரட்டும் என்று கத்துகிறார்கள். வண்டிக்காரனிடம் என்ன சொல்லி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே எத்திராஜ் தற்செயலாகப் பலகைப் பக்கம் திரும்பினான்.

எச்சில் விழுந்த இடமெல்லாம் பசை இளகிக்கொண்டிருந்தது. காவிக்குள்ளிருந்து கரி மேலே வந்தது, கரிக்குள்ளிருந்து வெள்ளை. புள்ளி புள்ளியாக, ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு மங்கல் வளையம், சில வளையம் பக்கத்து வளையத்தோடு சேர்ந்து கட்டியாகி, இடது பக்கம் லேசாக, வலது ஓரத்தில் கனமாக. நாலாவது பலகையில் விழுந்தபோது இது வெறும் கறையாகத்தான் இருந்தது, அது மூன்று பூச்சுப் பலகை, இது ஒன்பது, இவ்வளவு ஆழத்திலிருந்து எதுவும் எழும்பி அவன் பார்த்ததில்லை. இதே புள்ளிகளை எங்கே பார்த்தது என்று தெரிந்தது, டாக்டர் அறையில், விளக்கு எரிகிற பலகையில். தெரிந்த பிறகும் கண்ணை எடுக்க முடியவில்லை. இதைத் தெரிந்தே செய்வதென்றால் ஊதக் கூடாது, பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து உதற வேண்டும், சுடுதண்ணீரென்றால் இன்னும் ஆழமாக இறங்கும், வலது ஓரத்தில் இன்னும் இரண்டு. தடவிக்கொண்டிருந்த கை அவள் முதுகில் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியாது. அவள் பலகையைப் பார்க்கவில்லை. அவன் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கொஞ்ச நேரமாகவே.

"நல்லாத்தான் வந்திருக்கு, இல்ல மாமா?"

வெளியே வண்டி நின்று ஹாரன் அடித்தது.

"காஞ்சதும் ஏத்தி வுடு," என்றாள்.

இல்லை என்று சொல்வதற்காக எத்திராஜ் வாயைத் திறந்தான். கண் பலகையிலேயே இருந்தது.